இடது காதுக்கு ஒரு மாத்திரை

பெரியநாயக்கன்பாளையம்
12-8-1996

அன்புள்ள மதி அக்காவுக்கு எழில் எழுதுவது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் விலாசம் என் சிநேகிதி ரம்ஷாவிடம் வந்து சேர்ந்தது. நீ வீட்டை விட்டுப் போய் ஐம்பத்தைந்து நாள் ஆகிறது. ஒரு விலாசம் எழுத ஐம்பத்தைந்து நாளா? மாமா இங்கே லேத் பட்டறையில் இருந்தபோது ஒரே நாளில் உனக்கு மூன்று சீட்டுக் கொடுத்தனுப்புவார். அத்தனையையும் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துச் சுமந்தவள் நான்தான். இப்போது நீங்கள் இருவரும் பவானியில் இருக்கிறீர்கள். நான் இங்கே இருக்கிறேன்.

தம்பிதுரை மச்சானோடு பாக்கு வெற்றிலை மாற்றிய பிறகு நீ போனதால், அத்தை வீட்டோடு பேச்சு நின்றுவிட்டது. அப்பா லீவு போட்டுவிட்டுப் போய் ரேஷன் கார்டில் உன் பெயரை அடிக்கச் சொன்னாராம். அங்கே இருந்தவர், "இறந்துட்டாங்களா, கல்யாணமாயிருச்சுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "ரெண்டுமில்லீங்க. எடுத்துருங்க" என்றாராம். இரண்டில் ஒன்று சொல்லாமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் உனக்கு இன்னும் சர்க்கரை வருகிறது.

பதிலை வீட்டுக்கு எழுதாதே. ரம்ஷா பெயருக்கு, அவள் அப்பா அப்துல் மஜீத் பாயின் தையல் கடைக்கு எழுது. அம்மாவுக்கும் தெரியக் கூடாது. அப்பாவுக்கு இந்த வாரம் பவுண்டரியில் இரண்டாம் ஷிப்ட். அவர் வருவதற்குள் இதை முடிக்க வேண்டும். கேட் சத்தம் கேட்டால் கெமிஸ்ட்ரி நோட்டுக்குள் வைத்துவிடுவேன். அவசரமாக எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது.

என் சுகம் இதுதான். இடது காதில் ஒரு சத்தம். நீ போன மறுநாளிலிருந்து இருக்கிறது. விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே, அது. விசில் மட்டும் வருவதே இல்லை. சவ்வில் இருந்த ஓட்டை மூடிவிட்டது, உள்ளே நரம்பில் பட்டிருக்கிறது, சத்தம் போகாது, பழகிக்கொள்ள வேண்டும் என்கிறார் காது டாக்டர். ஐம்பத்து நான்கு நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எழில்

பவானி
30-8-1996

என் கண்ணு எழிலுக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். உன் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மாமா ஜமக்காளக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். காலையில் போனால் இரவுதான் வருகிறார். வீடு சின்னது. ஆனால் கூடுதுறைக்குப் பக்கம். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. பரீட்சை முடிந்ததும் ஒருநாள் நீ இங்கே வர வேண்டும்.

காதைப் பற்றி எழுதியிருந்தாய். தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. பஞ்சு வைத்துக்கொள். படிப்பு மும்முரத்தில் சில பேருக்கு இப்படி இருக்குமாம், தானாகப் போய்விடுமாம். அதையே நினைத்துக்கொண்டு இருக்காதே.

அம்மா எப்படி இருக்கிறார்? சத்துணவு வேலையில் இப்போதும் இடுப்பு வலி என்கிறாரா? நான் கேட்டதாகச் சொல்லாதே.

நல்லாப் படி கண்ணு.

உன் அக்கா,
மதிவதனி

பெரியநாயக்கன்பாளையம்
22-9-1996

அக்காவுக்கு,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. இது தண்ணீர் இல்லை.

சவ்வில் ஓட்டை என்று எழுதியிருந்தேன். தண்ணீர் போனால் ஓட்டை விழுமா? நீ பிளஸ் டூ வரைக்கும் பயாலஜி படித்தவள்தானே? எண்ணெய் ஊற்றாதே, பஞ்சு வை என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு, ஒரே ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. பரவாயில்லை.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் 61. இருநூறுக்கு. சண்முகவடிவு டீச்சர் என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார், எனக்குச் சீறல்தான் கேட்டது. சிரித்து வைத்தேன். "சிரிப்பு வருதா உனக்கு?" என்று வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

படுத்தால்தான் மோசம். வீடு அடங்க அடங்க அது பெரிதாகும். ரேடியோவை இரண்டு நிலையத்துக்கு நடுவில் வைத்தால் ஒரு இரைச்சல் வரும் இல்லையா, அதைத் தலையணைக்கு அடியில் வைத்தால் என் சத்தம் அதில் கரைந்துபோகும். நான்கு நாள் தூங்கினேன். ஐந்தாம் நாள் அப்பா வந்து, "பாட்டுமில்ல, செய்தியுமில்ல, எதுக்கு இந்தக் கரகரப்பு?" என்று பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஏன் வைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கழற்றினார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கவுண்டர் தோட்டத்துக் கிணறு இருக்கிறதே, அங்கே மோட்டார் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் காது அமைதியாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போகிறேன். நேற்றுக் கரண்ட் போய் மோட்டார் நின்றது. உடனே சீறல் வந்துவிட்டது. நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். கீழே அவ்வளவு அமைதியாக இருந்தது அக்கா. காவலுக்கு இருக்கும் மாசாணம் அண்ணன், "ஏனம்மிணி, அங்க என்ன வேலை?" என்று சத்தம் போட்டதும் ஓடி வந்துவிட்டேன்.

எனக்கு அந்தக் கிணற்றைப் பார்த்துப் பயம் இல்லை. என்னைப் பார்த்துத்தான் பயம்.

எழில்

பவானி
25-9-1996

எழில் கண்ணு,

நலம் கேட்கக்கூட மனமில்லை. கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். அந்தக் கிணற்றுப் பக்கம் போகாதே. மாமா மேல் ஆணை, என் மேல் ஆணை. போக மாட்டேன் என்று எழுதி அனுப்பு.

காது டாக்டர் வேறு யாரிடமாவது காட்டச் சொன்னால் போ. அவர் என்ன கொடுத்தாலும் சாப்பிடு. மாத்திரை என்றால் மாத்திரை, ஊசி என்றால் ஊசி. வீம்பு பிடிக்காதே.

உன் அக்கா,
மதி

பெரியநாயக்கன்பாளையம்
20-10-1996

அக்காவுக்கு,

அனைவரும் சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நீ எழுதிய ஒரு வாரத்தில் அம்மா தானாகவே என்னை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்துவிட்டார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும். பெயர் லட்சுமணசாமி. வீட்டில் 'நரம்பு டாக்டர்' என்கிறார்கள். வெளியே பலகையில் 'மனநல மருத்துவர்' என்று இருந்தது. அதைப் படித்ததும் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"காதுல என்னம்மா ஆச்சு?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டாளுங்க" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். அம்மா தரையைப் பார்த்தார்.

பாத்ரூமில் யாரும் விழவில்லை அக்கா. இதற்கு மேல் நீ கேட்டால்தான் எழுதுவேன்.

டாக்டர் நல்லவிதமாகத்தான் பேசினார். சத்தத்தை நிறுத்த மருந்து கிடையாதாம். சத்தத்தால் தூக்கம் கெட்டு, தூக்கம் கெட்டதால் மனசு தாழ்ந்து, மனசு தாழ்ந்ததால் சத்தம் பெரிதாகத் தெரிகிறதாம். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும் என்றார். அப்பா, "அப்ப காதுல ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதானுங்களா?" என்று கேட்டார். ஜூனிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? அடிபட்டது காதில், மாத்திரை மனசுக்கா? நான் அதை விழுங்கினால் பழுது என்னுடையது என்று ஆகிவிடும். பாத்ரூமும் உண்மையாகிவிடும். நான் தூங்கிவிடுவேன், வீடு நிம்மதியாகிவிடும், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா மருந்துச் சீட்டின் மேல்பகுதியை மடித்து, நகத்தால் கீறிக் கிழித்துவிட்டார். டாக்டர் பெயர் போய்விட்டது. நம் ஊர் மெடிக்கலில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று துடியலூரில் இறங்கினோம். கடைக்காரர், "டாக்டர் பேரே இல்லாத சீட்டுக்கு இந்த மாத்திரை குடுக்க முடியாதுங்கக்கா" என்றார். அம்மா மடியிலிருந்து கிழித்த துண்டை எடுத்துச் சீட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பாருங்க" என்றார். கடையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

தினமும் அம்மா என் உள்ளங்கையில் ஒன்று வைக்கிறார். நாக்குக்கு அடியில் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்த் துப்பிவிடுகிறேன். பதினொன்று ஆகிவிட்டது. இது உனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமாவது சொன்னால் உனக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவேன்.

எழில்

பவானி
1-11-1996

அன்புக் கண்ணு எழிலுக்கு,

இங்கே நலம். தீபாவளிக்கு மாமாவுக்குக் கடையில் லீவு கிடையாதாம். உனக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. பட்டாசு வெடிக்கும்போது காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உள்ளே இரு.

மாத்திரை விஷயம். அது பைத்தியத்துக்குக் கொடுப்பது இல்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவும் சாப்பிடுகிறார், தினமும் சந்தைக்குப் போய் வருகிறார். சாப்பிட்டுவிடேன். யார் மேல் உள்ள கோபத்தையும் உன் உடம்பின் மேல் காட்டாதே.

வேண்டாம் என்றால் உன் இஷ்டம். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தினமும் இரவு பால் குடிக்கிறாயா? வெறும் வயிற்றோடு படுக்காதே.

உன் அக்கா,
மதி

பெரியநாயக்கன்பாளையம்
30-11-1996

அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்து தூங்குகிறேன்! படுத்தால் காலையில்தான் விழிப்பு. சத்தம் போகவில்லை. ஆனால் என் காதுக்குள் சீறிக்கொண்டிருந்த குக்கரை யாரோ அடுத்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது போல இருக்கிறது. காலையில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் தள்ளாட்டம், அவ்வளவுதான். கிணற்றுப் பக்கம் போய் மூன்று வாரம் ஆகிறது. இதெல்லாம் ஒரு மாத்திரைகூட விழுங்காமல்! நாற்பது மாத்திரைக்கு மேல் துப்பியிருக்கிறேன். பார்த்தாயா, எனக்கு மனசில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது சரிதானே?

அம்மாவும் மாறிவிட்டார். இரவில் கருப்பட்டி போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். கருப்பட்டி கெட்டுப்போனதோ என்னவோ, கசக்கிறது. அவர் நிற்பதைப் பார்த்துக் குடித்துவிடுகிறேன்.

தூக்கம் வந்த பிறகு யோசிக்க முடிகிறது. அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நானாகவே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். மிச்சத்துக்கு மாத்திரையையும் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன? போன மாதம் எடுக்காததற்குக் காரணம் மற்றவர்கள் அதை என் வாயில் திணித்தார்கள் என்பது. இப்போது அம்மா கையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார், யாரும் திணிக்கவில்லை. சத்தம் இன்னும் போகவில்லை என்று அப்பா போய்ச் சொன்னதால் டாக்டர் கூடுதல் அளவில் எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து துப்பாமல் விழுங்கப்போகிறேன். அரையாண்டுப் பரீட்சை வருகிறது.

இது நானே எடுத்த முடிவு. அதனால்தான் உனக்கு முதலில் எழுதுகிறேன்.

அன்புடன்,
எழில்

பவானி
4-12-1996

எழில்,

மாத்திரையை நீயாக விழுங்காதே. முன்பு செய்த மாதிரியே துப்பிவிடு. காரணம் கேட்காதே, பிறகு சொல்கிறேன். மாமா நலம்.

மதி

பெரியநாயக்கன்பாளையம்
22-12-1996

மதிவதனிக்கு,

நலம் விசாரிக்க மாட்டேன்.

உன் நான்கு வரிக் கடிதம் வந்தது. சாப்பிடு சாப்பிடு என்று உயிரை வாங்கினவள், நானாகச் சாப்பிட ஆரம்பித்ததும் துப்பு என்கிறாய். காரணம் கேட்காதே என்று சொல்லும் ஆட்கள் இந்த வீட்டிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதாக நீ வேண்டாம் என்று அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அன்றும் விழுங்கினேன். மறுநாளும் விழுங்கினேன்.

பதினேழாம் தேதி பிசிக்ஸ் பரீட்சை. கேள்வித்தாளில் எழுத்துகள் நீந்தின. தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, ரம்ஷா மடியில் என் தலையும் சுற்றிலும் டீச்சர்களும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாள் டாக்டர் லட்சுமணசாமியிடம் கொண்டுபோனார்கள்.

"எத்தனை மாத்திரை சாப்பிட்டே?" என்றார்.

"ராத்திரி ஒண்ணுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "அதுபோக பால்லயும் ஒண்ணு பொடிச்சுப் போட்டனுங்க சாமி. இவ துப்பிப்போடறான்னுதானுங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "எத்தனை நாளா?"

"தீவாளிக்கு முன்னாலிருந்துங்க."

"ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் குடுத்தா நான் எப்படிங்கம்மா வைத்தியம் பண்றது? யார் சொல்லி இதைச் செஞ்சீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "பெரிய புள்ளைதானுங்க. மதி. போன்ல சொன்னா" என்றார்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "எந்தப் புள்ளை?"

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. சனிக்கிழமைதோறும் சத்துணவுக் கூடத்திலிருந்து அம்மா நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாமாவின் ஜமக்காளக் கடைக்கு உனக்குப் போன் போடுகிறாராம். நீ போன முதல் வாரத்திலிருந்து! ஒரே வீட்டில் நான் கெமிஸ்ட்ரி நோட்டுக்குள் உன்னை ஒளித்து வைத்திருக்கிறேன், அம்மா பூத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நீ நடுவில் உட்கார்ந்திருந்தாய். அம்மா இடுப்பு வலி எப்படி என்று என்னிடம் கேட்டாயே, நாடகம்தானே அது?

தூங்கினேன், நானாகவே குணமானேன் என்று உனக்கு எப்படிப் பெருமையாக எழுதினேன்! படித்தபோது உனக்கு எப்படி இருந்தது? பாவம் என்று இருந்ததா?

அந்த அறையில் நான் சொல்லிவிட்டேன். "டாக்டர், நான் பாத்ரூம்ல விழலைங்க. அக்கா எங்க போனான்னு கேட்டு அப்பா என்னை அடிச்சாருங்க. உள்ளங்கையால, காதோட சேர்த்து. நான்தான் சீட்டுக் கொண்டுபோனேன்னு தெரிஞ்சு மறுபடியும் அடிச்சாருங்க."

அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "புள்ளைக்குப் புத்தி கலங்கிப் போச்சுங்க டாக்டர். என்னென்னமோ பேசுது. அதுக்குத்தானே மாத்திரை குடுக்கறீங்க?"

இதற்குத்தான் நான் பயந்தேன். இதற்கேதான்! அந்த மாத்திரையை விழுங்கிய வாயால் சொன்னதால் என் பேச்சு பேச்சே இல்லையாம். அம்மா அப்போதும் தரையைத்தான் பார்த்தார்.

வரும் வழியில் அம்மாவைக் கேட்டேன், அக்காவுக்கு அடி விஷயம் தெரியுமா என்று. "அந்த வாரமே சொல்லிப்போட்டேன் அம்மிணி" என்றார்.

அந்த வாரமே தெரியும். தெரிந்துகொண்டேதான் எனக்கு எழுதினாய், தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று.

பதில் எழுதாதே.

எழில்

பவானி
20-1-1997

எழிலுக்கு,

எழுதாதே என்றாய். பொங்கல்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டால் தெரிந்துவிடும். அவரிடம் கேட்கக் கூடாது என்று இருக்கிறேன்.

நீ எழுதியது எல்லாம் நிஜம். பாலில் கலக்கச் சொன்னது நான். கிணற்றைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ துப்புகிறாய் என்று தெரிந்ததும், அம்மாவிடம் சொல்லி எப்படியாவது உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நீயாகச் சாப்பிடப்போகிறாய் என்று எழுதியதும் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று நான்கு வரி எழுதினேன். அம்மாவிடம் சொல்ல சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

காதுக்கு என்ன ஆனது என்று நான் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் நீ சொல்லிவிடுவாய். எனக்கு விழ வேண்டிய அடி அது. அம்மா சொன்னபோது, அம்மா மிகையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்ள முடிந்தது. நீ சொன்னால் முடியாது.

மாமாவும் நானும் வந்து அப்பாவிடம் பேசட்டுமா? நீ சொல்லும் நாளில் வருகிறேன்.

மாத்திரையைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மதி

பெரியநாயக்கன்பாளையம்
27-2-1997

அக்காவுக்கு,

நான் உயிரோடு நலம். மார்ச் முதல் வாரம் பரீட்சை. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

நீ இப்போது வர வேண்டாம். நீ வந்தால் பேச்செல்லாம் நீ ஓடிப்போனதைப் பற்றி ஆகிவிடும். என் காது மறுபடியும் பின்னால் போய்விடும்.

மயங்கி விழுந்த பிறகு டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஜனவரியில் நான் ரம்ஷாவோடு போய் அவரைத் தனியாகப் பார்த்தேன். இது சத்தத்தைப் போக்குமா என்று கேட்டேன். "போக்காது. சில பேருக்குக் கொஞ்சம் கூடவும் செய்யும். உனக்குத் தூக்கம் வந்தது, அதனால ஒத்துக்கும்னு நினைக்கிறேன்" என்றார். வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்றேன். "வாரம் ஒருதடவை வந்து பேசிட்டுப் போ. ஆனா கிணத்துப் பக்கம் மறுபடியும் கால் போச்சுன்னா, அன்னைக்கே வந்து சொல்லணும்" என்றார். மாத்திரைச் சீட்டை என் கையில் கொடுத்தார். முழுச் சீட்டு, பெயரோடு.

வாங்கி வைத்தேன். தொடவில்லை. வீட்டில் சொல்லிவிட்டேன்: "இது எதுக்குன்னு அப்பா வாயால சொன்னா நான் திங்கறேன்." அம்மா உடனே, "அவரு அடிச்சதுக்குத்தான் அம்மிணி, தின்னு" என்றார். அப்பா முன்னால் அம்மா அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனால் நான் கேட்டது அவரிடம் இல்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இப்படி மூன்று வாரம். தூக்கம் போனது. படித்தது நிற்கவில்லை. கால் கிணற்றுப் பக்கம் போனது. ஆமாம், போனது. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தேன். சொல்லவில்லை. உன்னிடம் மறைக்க எனக்கும் ஆசைதான். மறைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாசாணம் அண்ணன் நேராக அப்பாவிடம் போய், "உங்க புள்ளை தெனமும் கெணத்து மேட்டுல உக்காந்திருக்குதுங்க, என்னன்னு பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"எந்திரி. ஊட்டுக்கு வா."

"வாரேன். காதுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, வாரேன்."

"அம்மிணி, எந்திரின்னா எந்திரி."

"பாத்ரூம்ல உழுந்தனாப்பா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. "கேட்கலைங்க" என்றேன். அவர் என் வலது பக்கம் வந்து நின்றார். நிஜமாகவே கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"அடிச்சுப்போட்டேன்" என்று கத்தினார். "அவ போன கோவத்துல உன்னை அடிச்சுப்போட்டேன். போதுமா?"

"போதாதுங்க. டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

என்னை மறுபடியும் அடிப்பார் என்று நினைத்தேன். கை மேலே வந்தது. வந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் மோட்டார் ஷெட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டர் முன்னால் நாற்காலியில் உட்காரவில்லை. "அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க. நான்தான் அடிச்சது. ரெண்டு அடி" என்றார். டாக்டர் என் பழைய தாளை எடுத்து, விழுந்தது என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே வேறு எழுதினார். எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினார். கிணற்று மேட்டை நானே அவரிடம் சொன்னேன்.

அப்பா இதுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வேன் என்று தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் சத்தம் கொஞ்சமாவது அடங்கும் என்று மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்தேன் போல. பஸ்ஸில் வரும்போது காது கொடுத்துப் பார்த்தேன். ஒரு இம்மியும் குறையவில்லை. அவர் மேல் இருக்கும் கோபமும் குறையவில்லை, உன் மேல் இருப்பதும் குறையவில்லை. பரீட்சை முடிந்து, கேட்க வேண்டியதை நேரில் கேட்கும் தைரியம் இருந்தால் வா. முதலில் என்னைக் கேள்.

அன்று இரவு அம்மா பால் காய்ச்சவில்லை. மாத்திரை அட்டை என் மேஜையில் இருக்கிறது, நான்தான் எண்ணி வைத்திருக்கிறேன். அதுவரை அதைக் கையில் எடுத்தாலே யாருடைய பொய்யையோ விழுங்கப்போவது போல இருக்கும். அன்று எடுத்துப் பார்த்தேன். வெறும் மாத்திரை. ஒன்றைப் பிய்த்து நானே விழுங்கினேன். இன்றோடு மூன்றாவது.

மணி பதினொன்று. சத்தம் இருக்கிறது. நான் தூங்கப் போகிறேன்.

எழில்